அப்பாவுக்கு எளிய பிளேயர், காணொளிகளுக்குப் பத்திரமான சேமிப்பு: என்ன செய்யலாம்?

தாழ்வாரம்

வணக்கம். பல மாதங்களாகப் படித்துவிட்டுப் பேசாமல் போகிறவள். இப்போது வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் காணொளிகள் எல்லாம் ஒரே ஒரு 2 டெராபைட் வெளிவட்டில் இருந்தன. அது தொலைக்காட்சியின் பின்னால் எப்போதும் செருகியே இருக்கும். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ரிமோட்டில் மேல், கீழ், சரி என்ற மூன்று பொத்தான்கள்தான் அவருக்குத் தெரியும். சென்ற மாதம் ஒருநாள் திரையில் ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய இந்தச் சாதனத்தைத் தயார்ப்படுத்த வேண்டும், தொடரலாமா என்று. அப்பா "சரி" அழுத்திவிட்டார். தயார்ப்படுத்துவது என்றால் மொத்தமாக அழிப்பது என்று அந்தத் திரையில் எங்கோ பொடி எழுத்தில் இருந்ததாம்.

போட்டோரெக் மென்பொருளை இரண்டு நாள் ஓட்டி முக்கால்வாசியை மீட்டுவிட்டேன். ஆனால் பெயர் ஒன்றுகூடத் திரும்பவில்லை. எஃப் என்ற எழுத்தும் அதன்பின் ஒரு நீண்ட எண்ணுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள். எது யாருடைய பிறந்தநாள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அன்றிலிருந்து அப்பா ரிமோட்டைத் தொடுவதே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அவர் பயமில்லாமல் தொடக்கூடிய ஒரு பிளேயர் வேண்டும். இனி ஒரு பொத்தானால் எல்லாம் போய்விடாத சேமிப்பும் வேண்டும். மாதச் சந்தா வேண்டாம்.

நாடாப்பெட்டி

அம்மா, முதலில் ஒன்று. அந்தப் பழைய வட்டில் இனி ஒரு எழுத்துக்கூட எழுதாதீர்கள். மீட்ட கோப்புகளை வேறு வட்டில்தான் வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். விரைவு அழிப்பு என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டுப் பக்கங்களை அப்படியே விடுவது. அதன்பிறகு தொலைக்காட்சி ஒரு நிகழ்ச்சியைப் பதிந்திருந்தால், அந்த அளவுக்குப் பக்கங்களும் போயிற்று. பெயர்கள் இருந்தது பொருளடக்கத்தில்தான். போட்டோரெக் பக்கங்களை மட்டும் பார்த்து, இது காணொளி, இது படம் என்று இனம் காண்கிற மென்பொருள். அதனால்தான் பெயர் வரவில்லை. பெரிய கோப்பு துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் அதைச் சரியாகக் கோக்கவும் அதற்குத் தெரியாது. மீண்டவை கடைசிவரை ஓடுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

என்னென்ன வகைக் காணொளி, மொத்தம் எவ்வளவு? பழைய நாடாக்கள் கையில் இருக்கின்றனவா?

தாழ்வாரம்

வேறு வட்டில்தான் மீட்டேன், ஐயா. தொலைக்காட்சி நல்லவேளையாக எதையும் பதியவில்லை.

14 மினி டி.வி. நாடாக்கள் அலமாரியில் இருக்கின்றன. திருமணம், வளைகாப்பு என்று 9 டிவிடிக்கள். மீதி எல்லாம் கைப்பேசிக் காணொளிகள், சுமார் 300 ஜிகாபைட்.

நாடாப்பெட்டி

நாடா கையில் இருக்கிறது என்றால் பாதி உயிர் வந்துவிட்டது. (புதியவர்களுக்கு: மினி டி.வி. என்பது சின்னத் தொலைக்காட்சி அல்ல, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒளிப்பதிவு நாடா.) அது எண்முறைப் பதிவு. ஒரு மணிநேர நாடாவை ஃபயர்வயர் கம்பி வழியாகக் கணினியில் இறக்கினால் ஏறத்தாழ 13 ஜிகாபைட் வரும். நாடாவில் இருப்பது அப்படியே நகலாகும், தரம் குறையாது. 14 நாடாக்களும் ஒரு மணிநேர நாடாக்கள் என்றால் 182 ஜிகாபைட். டிவிடி ஒவ்வொன்றும் 4.7 என்று வைத்தாலும் 9-க்கு 43-க்குள் அடங்கும். கைப்பேசியோடு சேர்த்து 525. உங்கள் குடும்பத்தின் மொத்த வரலாறும் ஒரு டெராபைட் வட்டில் பாதியளவுதான்! ஆகவே பெரிய வட்டு தேடி அலைய வேண்டாம். சின்ன வட்டுகள் இரண்டு மூன்று வாங்குங்கள்.

இரவுக்காவல்

செய்வதை ஒரேயடியாகச் செய்துவிடலாம் என்பது என் கருத்து. நான்கு வட்டு செருகும் வலையகச் சேமிப்புப் பெட்டி ஒன்று (வீட்டு வலையமைப்பில் இணைந்து மற்றச் சாதனங்களுக்குக் கோப்புகளைத் தருவது), பல வட்டுகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு அமைப்பு, அதன்மேல் ஜெல்லிஃபின். காணொளிகளை அடுக்கி வைத்து மற்றச் சாதனங்களுக்கு அனுப்பும் மென்பொருள் அது. 2018-இல் எம்பி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, கட்டற்றது, சந்தா கிடையாது. வீட்டுக் காணொளிகளுக்கென்றே தனி நூலக வகை இருக்கிறது. எந்த அறையிலும் எந்தச் சாதனத்திலும் பார்க்கலாம். ஒரு வட்டு செத்தாலும் மற்றவை தாங்கும்.

ஒற்றைப்பொத்தான்

இரவுக்காவல் சொல்வது அவர் வீட்டுக்குச் சரி. அவருக்கு அது பொழுதுபோக்கு. தாழ்வாரத்தின் அப்பாவுக்கு?

இந்தக் கதையில் வட்டு சாகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். வட்டு நலமாக இருந்தது, கட்டளைதான் தவறாகப் போயிற்று. ரெய்டு அமைப்பில் இதே "சரி"யை அழுத்தியிருந்தால் நான்கு வட்டிலும் ஒரே நொடியில், மிகுந்த ஒழுங்கோடு அழிந்திருக்கும். ஒரு வட்டு பழுதானாலும் வேலை நிற்காமல் இருக்கத்தான் ரெய்டு. அதைக் காப்புநகல் என்று நினைத்து ஏமாந்தவர்கள் இங்கே ஒரு வண்டி இருக்கிறார்கள், நானும் அதில் ஒருவன்.

உண்மையான கேள்வி இதுதான்: பார்க்கிறவரின் கையில் இருக்கும் சாதனத்துக்கு ஏன் அழிக்கும் அதிகாரம் இருந்தது?

இரவுக்காவல்

ஒப்புக்கொள்கிறேன், ரெய்டு காப்புநகல் அல்ல. ஆனால் வலையகப் பெட்டியில் பகிர்வைப் "படிக்க மட்டும்" என்று வைத்துவிடலாம். தொலைக்காட்சியால் வட்டைப் பார்க்கவே முடியாது, கோப்புகளை மட்டும்தான் பார்க்கும். எதை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிடச் சுத்தமான பதில் ஏது?

ஒற்றைப்பொத்தான்

பதில் சுத்தம்தான். ரௌட்டர் உறைந்துபோகிற அன்று அப்பா யாரைக் கூப்பிடுவார்? மகள் வேறு வீட்டில் இருந்தால்?

நான் சொல்வது ஏழை வழி. பிளேயரில் செருகியிருக்கும் வட்டைப் *பார்வைப் பிரதி* என்று வைத்துக்கொள்ளுங்கள். அது போனால் போகட்டும். தாய்ப்பிரதி இரண்டு, வேறு வட்டுகளில், பிளேயருக்கே தெரியாத இடத்தில். பார்வைப் பிரதி அழிந்தால் ஒரு ராத்திரி நகலெடுத்தால் தீர்ந்தது. அப்பாவிடமும் தைரியமாகச் சொல்லலாம்: "எதை வேண்டுமானாலும் அழுத்துங்கள், உங்களால் எதையும் கெடுக்க முடியாது." அந்த ஒரு வரிக்காகவே இந்த ஏற்பாடு.

குறுவட்டு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எல்லாவற்றையும் எச்.265 என்ற சுருக்க முறைக்கு மாற்றிவிட்டால் 525 ஜிகாபைட் 100-க்குள் சுருங்கிவிடுமே? ஒரு பென்டிரைவில் அடங்கிவிடும். நான் அப்படித்தான் செய்தேன், மூலங்களை அழித்துவிட்டேன்.

நாடாப்பெட்டி

அழித்துவிட்டீர்களா! உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுதுகிறேன்.

தம்பி, நாடாவில் உள்ள காட்சி ஒன்றுவிட்ட வரிகளாகப் பதிவானது. ஒரு தடவை ஒற்றைப்படை வரிகள், மறு தடவை இரட்டைப்படை வரிகள். இரண்டுக்கும் நடுவில் ஐம்பதில் ஒரு பங்கு நொடி. குழந்தை ஓடினால் அந்த இடைவெளியில் கை நகர்ந்திருக்கும். இரண்டையும் ஒரே படமாக ஒட்டி மாற்றினால் கையின் ஓரம் சீப்புப் பல் மாதிரி ஆகிவிடும். நல்ல பிளேயர் ஓடும்போதே அதைப் பிரித்துக் காட்டும். மாற்றும்போதே தவறாக ஒட்டிச் சுருக்கிவிட்டால் அந்தச் சீப்பு காலத்துக்கும் அழியாது. உங்கள் காணொளி ஒன்றில் யாராவது வேகமாகக் கையாட்டும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

மூலத்தை அப்படியே வையுங்கள். பார்ப்பதற்கு வேண்டுமானால் எச்.264-இல் ஒரு நகல் செய்யுங்கள். 2003-இலிருந்து இருக்கும் முறை, அதை ஓட்டாத பெட்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். டிவிடிக்கு மறுசுருக்கமே வேண்டாம். அதில் ஒரு நிகழ்ச்சி 1 ஜிகாபைட் துண்டுகளாகக் கிடக்கும், மேக்எம்கேவி அதை ஒரே எம்.கே.வி. கோப்பாகக் கோத்துத் தரும். உள்ளே இருக்கும் படம் மாறாது, பெட்டிதான் மாறும். மக்கள் குழம்புவது இங்கேதான். எம்.கே.வி., எம்.பி.4 எல்லாம் டப்பாவின் பெயர். உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு. "என் தொலைக்காட்சி எம்.கே.வி. ஓட்டும்" என்று சொல்வது "என் அலமாரியில் டப்பா வைக்கலாம்" என்பது மாதிரி.

குறுவட்டு

பார்த்தேன். சீப்பு இருக்கிறது.

நாடாப்பெட்டி

நாடா இன்னும் இருந்தால் கவலை இல்லை. திரும்ப இறக்கலாம். நாடா ஓட்டும் கருவிகள்தான் நாடாவுக்கு முன்னால் சாகின்றன, தள்ளிப்போடாதீர்கள். தாழ்வாரத்துக்கும் சேர்த்துத்தான்.

ஒற்றைப்பொத்தான்

பிளேயருக்கு வருகிறேன். தொலைக்காட்சிக்குள்ளேயே இருக்கும் பிளேயரை நம்ப வேண்டாம் என்பதற்கு அழிப்பு அறிவிப்பு மட்டும் காரணம் அல்ல. பல தொலைக்காட்சிகளுக்கு டிடிஎஸ் ஒலி தெரியாது, படம் ஓடும், சத்தம் வராது. 2 என்ற எண்ணுக்கு முன்னால் 10-ஐ வரிசைப்படுத்தும். நிறுத்திய இடத்தை மறந்துவிடும். தமிழில் பெயர் வைத்தால் வெறும் கட்டங்கள், அல்லது அதைவிட மோசமாக, "கொண்டாட்டம்" என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிய்ந்து நிற்கும். எதையும் வாங்கும் முன் "கொண்டாட்டம்" என்று பெயரிட்ட ஒரு கோப்பை ஒரு சிறிய பென்டிரைவில் எடுத்துச் சென்று செருகிப் பாருங்கள். அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அதே பென்டிரைவில் கைப்பேசியில் எடுத்த எச்.265 காணொளி ஒன்று, நாடாவிலிருந்து இறக்கியது ஒன்று. மூன்றும் ஒழுங்காக ஓடினால் அந்தப் பெட்டி போதும்.

கணினி அறிவு கொஞ்சம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறிய கணினி, அதில் லிப்ரெஎலெக். அது கோடி என்ற பிளேயரை மட்டும் ஓட்டுவதற்கென்றே செய்த அமைப்பு. (கோடி என்றதும் பணம் நினைவுக்கு வர வேண்டாம். 2014 வரை அதன் பெயர் எக்ஸ்பிஎம்சி.) மின்சாரம் கொடுத்தால் நேராகக் கோடியில் போய் நிற்கும், விளம்பரம் கிடையாது, இணையம் இல்லாமலே ஓடும். எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாகவே தொலைக்காட்சியின் ரிமோட் இதையும் இயக்கும். அதற்குச் சி.இ.சி. என்று பெயர். தொலைக்காட்சியின் அமைப்புகளில் அது அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள், ஒவ்வொரு தயாரிப்பாளரும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருப்பார்கள். அப்பாவுக்கு இரண்டாவது ரிமோட் வேண்டாம் என்பதுதான் முக்கியம்.

அதெல்லாம் முடியாது என்பவர்களுக்குச் சான்றிதழ் பெற்ற ஆண்ட்ராய்டு பெட்டியும் அதில் விஎல்சி பிளேயரும் போதும். பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகள் மட்டும் வேண்டாம். தொழிற்சாலையிலேயே தீநிரல் ஏற்றி வந்த பெட்டிகள் 2023-இல் அம்பலமாயின, பேட்பாக்ஸ் என்று பெயரே வைத்தார்கள்.

தாழ்வாரம்

பென்டிரைவ் சோதனை அருமை. எங்கள் தொலைக்காட்சியில் கொம்பு தனியாகத்தான் நின்றது!

வட்டு பற்றிச் சொல்லுங்கள். எஸ்.எஸ்.டி. வாங்கட்டுமா? எல்லாவற்றையும் டிவிடியில் எழுதி வைக்கச் சொல்கிறார் ஒரு உறவினர்.

இரவுக்காவல்

நான் சொல்கிறேன், பழைய தோல்விக்குப் பரிகாரமாக.

அலமாரியில் உறங்கப் போகும் தாய்ப்பிரதிக்கு எஸ்.எஸ்.டி. வேண்டாம். அது மின்னேற்றமாகத் தரவை வைத்திருக்கிறது, மின்சாரம் படாமல் நீண்ட காலம் கிடந்தால் அது கசியும். கைப்பையில் போட்டு எடுத்துச் செல்ல மட்டும் எஸ்.எஸ்.டி. நல்லது, விழுந்தால் தாங்கும். அலமாரிக்குச் சாதாரண சுழல்வட்டு போதும். அதில் எழுதும் வேகம் பற்றி இணையத்தில் பெரிய சண்டைகள் நடக்கும், ஒருமுறை எழுதிவிட்டுப் படிக்கப் போகிற உங்களுக்கு அது பொருட்டே அல்ல. வீட்டில் எழுதும் டிவிடியில் இருப்பது சாயப் படலம், வெளுக்கும். பத்து வருடத்தில் நன்றாக இருப்பதும் உண்டு, இரண்டு வருடத்தில் பல் இளிப்பதும் உண்டு. எதை நம்புவது?

வட்டுகள் சாகும் வேகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் தன் வட்டுகளின் புள்ளிவிவரத்தை வெளியிட்டு வருகிறது. 2023-க்கு 1.70 சதவீதம். நூறு வட்டில் ஏறத்தாழ இரண்டு அந்த ஆண்டில் போயின. குளிரூட்டிய அறையில் அசையாமல் இருக்கும் வட்டுகளின் கணக்கு அது, பையில் குலுங்கும் வட்டுக்குப் பொருந்தாது. ஆனாலும் ஒரு வட்டு இருந்தால் சூதாட்டம், இரண்டு இருந்தால் நிம்மதி என்பது அதிலிருந்தே தெரியும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே கட்டிலிருந்து வாங்காதீர்கள். ஒன்று உங்களிடம், ஒன்று வேறு வீட்டில்.

இன்னொன்றை எல்லோரும் விட்டுவிடுவார்கள். நகலெடுத்ததும் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 கைரேகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுத்து ஓர் உரைக்கோப்பில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டைச் செருகி அதே கைரேகை வருகிறதா என்று ஓட்டுங்கள். 525 ஜிகாபைட்டுக்குச் சில மணிநேரம் ஆகும், ஓடட்டும் என்று விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். ஒரு கோப்பு கெட்டிருந்தால் மற்ற வட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதைச் செய்யாவிட்டால், கெட்டது தெரியாமல் கெட்டதையே புது வட்டுக்கு நகலெடுத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு நடந்திருக்கிறது. ஒரு படம் நடுவில் பச்சைக் கட்டங்களாக உடையும், மூன்று பிரதியிலும் அதே இடத்தில்.

குறுவட்டு

வட்டை எந்த முறையில் வடிவமைப்பது? என் பென்டிரைவில் 4 ஜிகாபைட்டுக்கு மேல் உள்ள கோப்பு ஏறவே மாட்டேன் என்கிறது, இடம் இருந்தும்.

ஒற்றைப்பொத்தான்

அது ஃபேட்32. ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டை எட்டக்கூடாது என்பது அதன் பிறவிக் குணம். ஒரு மணிநேர நாடா 13 ஜிகாபைட், ஆகவே அதை மறந்துவிடுங்கள். எக்ஸ்ஃபேட் எல்லாக் கணினியிலும் திறக்கும். ஆனால் பாதியில் பிடுங்கினால் மீள்வதற்கு வேண்டிய குறிப்பேடு அதில் இல்லை. தாய்ப்பிரதிக்கு என்டிஎஃப்எஸ் வைக்கலாம், விண்டோஸ் ஆட்களுக்கு. லிப்ரெஎலெக் பெட்டியில் நிரந்தரமாக இருக்கப் போகும் வட்டுக்கு இஎக்ஸ்டி4. அதில் இன்னொரு சௌகரியம் உண்டு: அந்த வட்டைத் தவறிப்போய் விண்டோஸில் செருகினால் "வடிவமைக்கட்டுமா?" என்று கேட்கும். இது சௌகரியமா என்று கேட்காதீர்கள். பார்வைப் பிரதிதானே!

நாடாப்பெட்டி

அந்த "சௌகரியத்தை" அப்பாவிடம் காட்டாதீர்கள்.

தாழ்வாரம் (ஆறு வாரம் கழித்து)

முடித்துவிட்டேன். பை 4, லிப்ரெஎலெக், ஒரு டெராபைட் வட்டு பெட்டியோடு. தாய்ப்பிரதிகள் இரண்டு, ஒன்று என் தம்பி வீட்டில். நாடாப்பெட்டி ஐயா திட்டுவார் என்று பயந்து 14 நாடாக்களையும் இறக்கிவிட்டேன். பழைய மேசைக்கணினியும் ஃபயர்வயர் அட்டையும் ஒரு நண்பரிடம் கடன் கேட்டது. மூன்றாவது நாடாவில் மட்டும் நாலு நிமிடம் கட்டம் கட்டமாக வருகிறது, நாடா ஓட்டும் கருவியின் தலையைத் துடைத்தும் போகவில்லை.

இரண்டு இடத்தில் சறுக்கினேன், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோடிக்கு இந்தக் கோப்புகள் "திரைப்படம்" என்று சொல்லிவிட்டேன். அது இணையத்தில் தேடி எங்கள் அத்தை திருமணத்துக்கு ஏதோ ஒரு பேய்ப் படத்தின் சுவரொட்டியை ஒட்டிவிட்டது. அந்த முகப்பைப் பார்த்து வீடே சிரித்தது, அத்தை சிரிக்கவில்லை. உள்ளடக்க வகை "எதுவுமில்லை" என்று மாற்றியதும் ஒழிந்தது. இரண்டாவது, ஒவ்வொரு முறையும் "நிறுத்திய இடத்திலிருந்தா, முதலிலிருந்தா?" என்று கேட்டது. கேள்வி வந்தாலே அப்பா கையை எடுத்துவிடுகிறார். அமைப்பில் "தொடர்" என்று வைத்தேன். இப்போது எந்தக் கேள்வியும் இல்லை. எழுத்துருவை மாற்றிய பிறகு கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றன.

முதல் நாள் அப்பா ரிமோட்டை வாங்கவே இல்லை. அவர் கண்ணெதிரே பெட்டியிலிருந்த வட்டை நானே அழித்துக் காட்டினேன். பதறி எழுந்துவிட்டார். தாய்ப்பிரதியிலிருந்து மறுபடி நகலெடுத்து மறுநாள் காலையில் அதே காணொளியை ஓட்டினேன். அதற்குப் பிறகுதான் வாங்கிக்கொண்டார்.

இப்போது பெயரில்லாத கோப்புகளுக்குப் பெயர் வைப்பது அவர் வேலை. திரையில் எண்ணைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார். நான் யாரென்றே தெரியாமல் ஒதுக்கி வைத்திருந்தவற்றில் முக்கால்வாசியை அடையாளம் காட்டிவிட்டார். ஆனால் புதுச் சிக்கல் ஒன்று. அவர் சொல்லும் பெயரையே கோப்புக்கு வைக்கிறேன். என் கணினியில் ஏறுகிறது, பெட்டியின் வட்டுக்கு நகலெடுக்கும்போது "பெயர் மிக நீளம்" என்று சில நிற்கின்றன. என்ன காரணம்?

ஒற்றைப்பொத்தான்

தமிழர்களுக்கென்றே இருக்கும் சிக்கல் இது என்று சொல்லலாம். என்டிஎஃப்எஸ் பெயரில் 255 குறிகளை அனுமதிக்கும். இஎக்ஸ்டி4 அனுமதிப்பது 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று. ஆகவே 85 குறிதான் கிடைக்கும். அதிலும் "கொ" என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்குக் க ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரண்டு, ஆறு பைட். புள்ளி வைத்த எழுத்துக்கும் அதே கணக்கு. கோப்புக்குச் சுருக்கமான பெயர் வைத்து, அப்பா சொல்வதை முழுதாக அதே பெயருள்ள உரைக்கோப்பில் பக்கத்தில் வையுங்கள். அதையும் தாய்ப்பிரதியில் சேர்த்துவிடுங்கள், காணொளியைவிட அது அரிது.

தாழ்வாரம்

அப்பாவிடம் 85 என்று சொன்னேன். நோட்டைத் திருப்பி ஒரு பக்கத்தைக் காட்டினார். "பெரியம்மா மகள் முதல் தடவை நடந்தது, விழுந்ததும் எல்லோரும் சிரித்தார்கள், அழுதுவிட்டாள், தூக்கியது தாத்தா, அவர் குரல் மட்டும் கேட்கும்."

"இதில் எதை வெட்டுவாய், வெட்டு பார்க்கலாம்" என்கிறார்.